முள் சொல்வதெல்லாம் உண்மையா?

பழைய கார் வைத்திருப்பவரை ரோட்டில் வைத்தே கண்டுபிடித்துவிடலாம். புதுக் கார்க்காரர் ரோட்டைப் பார்த்து ஓட்டுவார். பழைய கார்க்காரர் ஒரு கண்ணால் ரோட்டையும், இன்னொரு கண்ணால் டேஷ்போர்டில் இருக்கும் ஒரு சின்ன முள்ளையும் பார்த்து ஓட்டுவார். எதிரே லாரி வந்தால்கூடப் பதற மாட்டார். அந்த முள் அரை அங்குலம் வலப்பக்கம் நகர்ந்தால் போச்சு! முகம் வெளிறி, வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, புளியமரத்தடியில் வாட்டர் பாட்டிலும் கையுமாக நிற்பார்.

எங்கள் வீட்டில் அப்படி நிற்பவர் அப்பா.

கார், 1978 மாடல் பிரீமியர் பத்மினி. 1089 சி.சி. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் 'ஃபியட்'தான். அப்பா அதை 1991-ல் செகண்ட்ஹேண்டில் வாங்கினார். மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரில் ரோட்டிலிருந்து விடைபெற்றதை டி.வி.யில் காட்டியபோது, அப்பா எழுந்து நின்று சல்யூட் அடிக்கவில்லை, அவ்வளவுதான். மற்றபடி வீட்டில் முழு அரசு மரியாதை. அன்று ராத்திரி அவர் சாப்பிட்டது ரெண்டே இட்லி.

அப்பேர்ப்பட்ட காரை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது. காரணம், அந்த முள்.

நடந்தது இதுதான். ஒரு நாள் டெம்பரேச்சர் முள் 'சி'யிலேயே படுத்துக்கொண்டது. அசையவில்லை. சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். (பெயர் வேண்டாம். டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள்.) "சென்சார் போச்சு சார்" என்று புது சென்சார் போட்டார்கள். "இது எந்த வண்டிக்கும் சேரும்" என்று பெருமையாக வேறு சொன்னார்கள். அன்றிலிருந்து முள் உயிர் பெற்றது. உயிர் பெற்றது மட்டுமில்லை, ஆட்டம் போட ஆரம்பித்தது. கிளம்பிப் பதினைந்தாவது நிமிஷம் முக்காலைத் தாண்டும். ஐந்து ரோடு தாண்டுவதற்குள் 'ஹெச்'சைத் தொடும்.

மறுபடி அதே ஒர்க்‌ஷாப். பானெட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். காதை வைத்துக் கேட்டார்கள். உதட்டைப் பிதுக்கினார்கள்.

"இன்ஜினை இறக்கணும் சார். போர் போயிருக்கும். எல்லாம் சேர்த்து அறுபத்தஞ்சாயிரம் ஆகும்."

அம்மா அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டாள். "அந்தக் காசுக்கு மூணு வருஷம் ஆட்டோல போலாம். வித்துடுங்க." கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் போனில் ஒரு விலையும் சொல்லிவிட்டார். அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அப்பா பேசாமல் இருப்பது, இன்ஜின் ஹீட் ஆவதைவிட ஆபத்தான விஷயம்.

நான் படித்தது பி.காம். பிஸ்டனுக்கும் எனக்கும் எந்த உறவும் கிடையாது. ஆனால் காமர்ஸில் ஒரு நல்ல விஷயம் சொல்லிக்கொடுப்பார்கள். கேஷ் புக் ஒரு பாக்கி காட்டுகிறது, பாங்க் பாஸ் புக் வேறு பாக்கி காட்டுகிறது. உடனே கேஷியரைப் பிடித்துப் போலீஸில் கொடுக்கக் கூடாது. ரெண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு ரிகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் போட வேண்டும். எங்கள் கேஸில் முள் ஒரு கணக்கு சொல்கிறது. இன்னொரு புஸ்தகம் எங்கே? யாருமே பார்க்கவில்லையே!

எனக்குச் சந்தேகம் வந்ததற்கும் காரணம் உண்டு. முள் 'ஹெச்'சைத் தொட்ட ஒரு நாள்கூட ரேடியேட்டர் கொதித்து வழியவில்லை. ஆவி வரவில்லை. காலையில் வண்டி ஆறியபின் மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் நேற்று இருந்த அளவே இருக்கிறது. நிஜமாகவே கொதிக்கிற இன்ஜின் இத்தனை அடக்க ஒடுக்கமாக இருக்குமா?

"இதை வெச்சுப் பாரேன்" என்று அம்மா பீரோவிலிருந்து ஒரு துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தாள். 2020-ல் கொரோனாவுக்காக வாங்கியது, நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்ப்பது. அப்பா இன்ஜின் மேல் காட்டினார். 'ஹை' என்று எழுத்து வந்தது. "பாத்தியா, இதுவே ஹைங்குது!" என்றாள் அம்மா. அந்தத் துப்பாக்கி மனுஷ ஜுரத்துக்காகச் செய்தது. 43 டிகிரி பக்கம் போனாலே கையைத் தூக்கிவிடும். அதன் கணக்குப்படி மத்தியான வெயிலில் நிற்கிற எந்தக் காரும் ஐ.சி.யூ. கேஸ்தான்.

அப்புறம் எங்கள் பழைய மெக்கானிக் பாயிடம் போனேன். கடையை மூடிவிட்டு மகன் வீட்டில் இருக்கிறார். கண் சரியாகத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். கதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, ஹெட்லைட் போட்டா முள்ளு ஆடுதா?"

"இல்ல பாய். ஏன், ஹெட்லைட் போட்டா இன்ஜின் சூடாகுமா?"

"ஆகாதுல்ல? அப்பவும் முள்ளு ஆடிச்சுன்னா எர்த்து சரியில்லைன்னு அர்த்தம். அதைத்தான் மொதல்ல பாக்கணும்."

அதன் பிறகு ஒரு மணி நேரம் பாய் நடத்திய வகுப்பில் நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவும். மற்றவர்கள் சாய்ந்தே படிக்கலாம்.

இன்ஜினைச் சுற்றி ஓடுகிற தண்ணீரில் முனை படுகிற மாதிரி ஒரு பித்தளை சென்சாரை மரை போட்டு முடுக்கியிருப்பார்கள். உள்ளே ஒரு சின்ன வில்லை. சூடு ஏற ஏற அதன் மின் தடை குறையும். தடை குறைந்தால் கரண்ட் அதிகம் போகும், முள் 'ஹெச்' பக்கம் சாயும். அவ்வளவுதான் சூட்சுமம். ஆக, முள்ளுக்குச் சூடு என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது கரண்ட். வயர் அறுந்துபோனால் 'சி'. வயர் உராய்ந்து பாடியில் பட்டால் 'ஹெச்'. இன்ஜின் பனிக்கட்டியாக இருந்தாலும் 'ஹெச்'தான்!

இன்ஜின் ரப்பர் மவுன்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் அதற்கும் கரண்ட் உறவு ஒரு பின்னல் எர்த் வயர் மூலமாகத்தான். நாற்பது வருஷத் துரு அதில் ஏறினால் முள் உளறும். சிலர் சென்சாரில் தண்ணீர் கசியக் கூடாதென்று பிளம்பர் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றிவிடுவார்கள். சென்சாருக்கு எர்த் கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான். டேப் அதைத் தடுத்தால் முள் குறைத்துக் காட்டும். இது அதிகமாகக் காட்டுவதைவிட மோசம்.

இங்கிலாந்து வம்சத்துக் கார்கள் பலவற்றில் இன்னொரு கூத்து உண்டு. பெட்ரோல் முள்ளுக்கும் டெம்பரேச்சர் முள்ளுக்கும் சேர்த்து ஒரே ஸ்டெபிலைசர், 12 வோல்ட்டை 10 வோல்ட் அளவுக்கு அடக்கிக் கொடுப்பது. அது கெட்டால் ரெண்டு முள்ளும் சேர்ந்தே பொய் சொல்லும். டாங்க் நிரம்பி வழிகிறது, இன்ஜினும் கொதிக்கிறது என்று காட்டினால், பங்க்கில் போட்ட பெட்ரோலையும் மனசில் வைத்துக்கொண்டு ஸ்டெபிலைசரைப் பாருங்கள். இந்த வம்பே இல்லாதது வில்லீஸ் ஜீப் காலத்து மீட்டர். ஒரு குமிழில் ஈதர், அதிலிருந்து மீட்டர் வரை தலைமுடி மாதிரி செப்புக் குழாய். ஈதர் ஆவியின் அழுத்தமே முள்ளைத் தள்ளும். கரண்டே வேண்டாம். ஆனால் குழாய் ஒடிந்தால் தீர்ந்தது, ஒட்டுப்போடுவது லேசில்லை.

பாய் கடைசியாகச் சொன்னதுதான் என்னைக் கொஞ்சம் உலுக்கியது.

"முள்ளு ஏறினா எல்லாரும் பயப்படுவாங்க. நான் இறங்கினாத்தான் பயப்படுவேன்."

மேட்டூர் ரோட்டில் ஒரு டாக்ஸி. முள் 'ஹெச்' வரை போயிருக்கிறது. டிரைவர் பயந்துகொண்டே ஓட்ட, திடீரென்று முள் சரசரவென்று இறங்கிவிட்டது. "மாரியாத்தா காப்பாத்திட்டா" என்று நிம்மதியாக ஆக்ஸிலேட்டரை மிதித்திருக்கிறார். நடந்தது என்னவென்றால், ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கக் கொட்டிப்போய்விட்டது. சென்சார் தண்ணீரில் இருந்தால்தானே தண்ணீரின் சூட்டைச் சொல்லும்? வெறும் காற்றில் தொங்கிக்கொண்டு ஜில்லென்று காட்டியிருக்கிறது. அதற்குள் சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், இன்ஜினே சீஸ் ஆகிவிட்டது. எங்கள் வண்டியின் ஹெட்டும் அலுமினியம்தான். அலுமினியத்துக்கு மன்னிக்கும் குணம் குறைவு.

எனவே முள்ளைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவதும் சரிப்படாது. அதை விசாரித்து, எத்தனை டிகிரிக்கு எங்கே நிற்கிறது என்று எழுதி வாங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விசாரணை. இடம்: எங்கள் வீட்டு போர்ட்டிகோ. ஆறிக் கிடந்த இன்ஜினில் சென்சார் வயரைக் கழற்றினோம். இக்னிஷன் ஆன். முள் 'சி'. வயர் முனையை ஒரு நொடி இன்ஜினில் தொட்டேன். முள் 'ஹெச்'சுக்கு ஓடியது. (ஒரு நொடிதான். நிறைய நேரம் தொட்டுக்கொண்டிருந்தால் சில மீட்டர்கள் எரிந்துவிடும்.) அதாவது வயரும் மீட்டரும் நிரபராதிகள். எர்த் வயரைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துப் போட்டோம். வித்தியாசமில்லை. மிச்சம் இருந்த குற்றவாளி சென்சார்.

அதைக் கழற்றி, அந்த ஓட்டையைத் தற்காலிகமாக ஒரு கார்க்கால் அடைத்துவிட்டு, அடுப்பு ஏற்றினோம். எலெக்ட்ரிக் ஸ்டவ். பெட்ரோல் வண்டிக்குப் பக்கத்தில் தீ எரிகிற அடுப்பு வேண்டவே வேண்டாம். அம்மாவின் பழைய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர். சென்சாரின் முனை மட்டும் முங்குகிற மாதிரி கம்பியில் தொங்கவிட்டு, அதன் பித்தளை உடம்பிலிருந்து இன்ஜினுக்கு ஒரு எர்த் வயர், தலையிலிருந்து கார் வயருக்கு ஒரு நீட்டல். பக்கத்துத் தெரு கெமிஸ்ட்ரி வாத்தியாரிடம் கடன் வாங்கிய 110 டிகிரி கண்ணாடித் தெர்மாமீட்டர். அப்பா டிரைவர் சீட்டில். நான் பாத்திரத்தில் கரண்டி. சூடு எல்லா இடத்திலும் சமமாக இருக்க, கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். எதிர் வீட்டு மாமி காம்பவுண்ட் மேல் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கார்ல பாயசமா?" என்றார்.

"அம்பது!" என்பேன். அப்பா இக்னிஷனைப் போட்டு, முள் நின்றதும் படித்துவிட்டு, உடனே ஆஃப் செய்வார். இன்ஜின் ஓடாமல் இக்னிஷன் நிறைய நேரம் ஆனில் இருந்தால் காயில் சூடாகிவிடும்.

"அம்பதுக்குக் கால்" என்றார். 60-க்குப் பாதி. 75-க்கு முக்கால். 85 டிகிரிக்கு முள் 'ஹெச்' மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது!

அப்பா சீட்டை விட்டு இறங்கி வந்து தெர்மாமீட்டரை இரண்டு தடவை பார்த்தார். பத்மினி மாதிரி இன்ஜினுக்கு எண்பது எண்பத்தைந்து டிகிரி என்பது ஜுரம் இல்லை, நார்மல். அந்தச் சூட்டில்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். 'எந்த வண்டிக்கும் சேரும்' சென்சார் எங்கள் மீட்டரோடு மட்டும் சேரவில்லை. மரை சேர்ந்தது, கணக்கு சேரவில்லை.

இனி எங்கள் அப்பாவின் ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காரிலிருந்து எதைக் கழற்றினாலும் அதை வீட்டுக்குக் கொண்டு வந்து அந்தப் பாட்டிலில் போடுவது அவர் வழக்கம். அம்மா அதைப் பத்து தடவையாவது பழைய பேப்பர்காரரிடம் போட முயன்று தோற்றிருக்கிறாள். அதிலிருந்து, ஒர்க்‌ஷாப்பில் 'செத்துப்போச்சு' என்று கழற்றிக் கொடுத்த பழைய சென்சார் வெளியே வந்தது. பாத்திரத்தில் தொங்கவிட்டோம். அது சாகவே இல்லை! 50-க்கு 'சி'யை விட்டு லேசாக எழுந்தது. 80-க்கு நட்டநடு. தண்ணீர் தளபுளவென்று கொதித்தபோது 'ஹெச்'சின் வாசல்படியில் நின்றது. முதலில் முள் படுத்துக்கொண்டதற்குக் காரணம் வயர் முனையில் இருந்த துரு. புது முனை போட்டதும் அது சரியாகியிருக்கிறது. பெயர் மட்டும் புது சென்சாருக்கு!

ஹார்லிக்ஸ் பாட்டில் இல்லாத குடும்பத்தினர் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி இடங்களில் தேடலாம். கையில் மல்டிமீட்டர் கொண்டுபோவது நல்லது. மரை அளவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். தடையின் அளவும் பொருந்த வேண்டும்.

பழையதைப் பூட்டியாயிற்று. பாத்திரத்தில் சரியாக இருந்தது வண்டியிலும் சரியாக இருக்க வேண்டுமே? அதற்கு ஒரு காசு செலவில்லாத வழி இருக்கிறது. தெர்மோஸ்டாட் வால்வு. இத்தனை டிகிரியில் திறக்கும் என்று பெரும்பாலும் அதன் உடம்பிலேயே பொறித்திருப்பார்கள். எங்களுடையது 82. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் கை வைத்துக்கொண்டிருந்தேன், ஃபேனிலிருந்து எட்டியே. பச்சைத் தண்ணீராக இருந்த ஹோஸ் சட்டென்று சூடானது. "இப்போ!" என்று கத்தினேன். முள் நடுவில். அதாவது 82-ஐ ஒட்டி. கணக்கு டாலி! (நம்மூரில் 'வெயில் ஊருக்கு எதுக்குங்க' என்று இந்த வால்வைக் கழற்றித் தூர எறிவது ஒரு பழக்கம். அப்புறம் இன்ஜின் சூடாகவே நேரம் பிடித்து, பெட்ரோல் குடித்து, முள் பாதிகூட ஏறாது. அதற்கும் பழி முள்ளுக்கு.)

ஒர்க்‌ஷாப்காரர்கள் வைத்திருக்கும் நிஜ இன்ஃப்ராரெட் துப்பாக்கியாலும் பார்த்தோம். வால்வை மூடியிருக்கும் பளபள அலுமினியத்தில் காட்டினால் 52 என்றது. அதே இடத்தில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிக் காட்டினால் 79. பளபளக்கும் உலோகத்தில் அந்தத் துப்பாக்கி ஏமாந்துபோகும். வெளி உலோகம் உள்ளே இருக்கும் தண்ணீரைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாகத்தான் இருக்கும். அதுவும் டாலி.

அப்பா மீட்டர் கண்ணாடியில் நெயில் பாலிஷால் மூன்று புள்ளி வைத்தார். 80, 90, 100. நெயில் பாலிஷ் என் மனைவியுடையது. கேட்டுத்தான் எடுத்தார்.

ஆனாலும் அம்மா நம்பவில்லை. "ஏற்காடு ஏறட்டும், அப்புறம் பேசலாம்" என்றாள். "நடு ரோட்டுல பானெட்டைத் தூக்கினீங்கன்னா நான் இறங்கி பஸ் ஏறிடுவேன். சொல்லிட்டேன்."

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். மே மாசம், கோடை விழா நேரம், கூட்டத்துக்குச் சொல்லவா வேண்டும். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைத் தடுப்பது ரேடியேட்டர் மூடி. குக்கர் வெயிட் மாதிரி அழுத்தம் கொடுத்துக் கொதிநிலையை உயர்த்தும். ஏழு பவுண்டு மூடி என்றால் பத்து டிகிரிக்கு மேல் பாக்கெட்டில் இருக்கிறது. மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தால் அந்தச் சலுகை ரத்து. புது மூடி போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

அப்பாதான் ஓட்டினார். செகண்ட் கியர். ஆறாவது வளைவில் முள் 80-ஐத் தாண்டியது. பதினொன்றில் முன்னால் ஒரு பஸ் நின்றுபோக, கால் மணி நேரம் ஊர்ந்தோம். 90-ஐத் தொட்டது. பழைய அப்பாவாக இருந்தால் இந்நேரம் பானெட் வானத்தைப் பார்த்திருக்கும். புள்ளியைப் பார்த்தார். "தொண்ணூத்தி ரெண்டு இருக்கும்" என்றார், கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிற மாதிரி. பின் சீட்டில் அம்மா கையில் பர்ஸைப் பிடித்தபடி தயாராக உட்கார்ந்திருந்தாள். பஸ் நகர்ந்தது. காற்று வந்தது. முள் மெல்ல 85-க்கு வந்தது.

மேலே ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி ஆஃப் செய்தார். சாமான்களை இறக்கிவிட்டு ஏதோ எடுக்க மறுபடி சாவியைப் போட்டால், முள் 95! அப்பா முகம் மாறியது. இது பாய் முன்பே சொல்லியிருந்த விஷயம்தான். இன்ஜினை நிறுத்தியதும் பம்ப்பும் நின்றுவிடும். தண்ணீர் ஓடாது. உலோகத்தில் தேங்கிய சூடெல்லாம் நின்ற தண்ணீரில் இறங்கும். அதனால்தான் மலை ஏறி வந்தவுடன் ஒன்றிரண்டு நிமிஷம் ஐடிலிங்கில் விட்டு நிறுத்து என்பார்கள். மறுபடி ஸ்டார்ட் செய்தோம். ஒரு நிமிஷத்தில் முள் ஒழுங்காகக் கீழே வந்தது.

அந்த நேரம் பார்த்து கோயம்புத்தூர்க்காரர் போன் செய்தார். அப்பா என்னிடமிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"வண்டி குடுக்கறதா இல்லீங்க. இல்லீங்க, ஹீட்டெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. இப்ப ஏற்காட்டுலதான் இருக்கோம். எம்பத்தஞ்சு."

அம்மா பர்ஸைப் பைக்குள் போட்டாள். "ஏங்க, பெட்ரோல் முள்ளு ஏன் காலி காட்டுது?" என்றாள். அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசாரணை.